நான் அழித்த பதினோரு புள்ளிகள்

வடிவமைப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மென்பொருளை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, கீழே போய் காபி குடித்து, பக்கத்து ஷெட்டில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டு வந்தாலும் கம்ப்யூட்டர் அதே இடத்தில் யோசித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. காபிக்குத்தான் நேரம் இல்லை என்று கேள்விப்படுகிறேன்.

ஆகவே பொத்தான்களைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரே ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் அதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. படிக்கும்போது பேய்க்கதை மாதிரி இருந்தால் இருக்கட்டும். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட், கம்ப்யூட்டர் சொல்வதுபோல உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷின் நாலு, இருபது பேர். மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். காக்ஸ் டவுனிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். உருண்டையான உலோகத்தின் மேல் காடி, அதாவது வாய்க்கால் மாதிரிப் பள்ளம், வெட்டுவது, எழுத்து வெட்டுவது என்றால் அந்தப் பக்கத்தில் எங்களிடம்தான் வருவார்கள். தட்டையாக வரைந்த படத்தை எடுத்து, பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவதுபோல உருளையின் மேல் சுற்றவேண்டும். மென்பொருளில் அதற்கு ராப் என்று பெயர். விட்டத்தைச் சரியாகக் கொடுத்தால் படத்தின் இரண்டு ஓரமும் பின்பக்கம் போய் அழகாகச் சேரும். ஒருமுறை பித்தளைக் குழாய் ஒன்றில் எழுத்து முழுவதையும் இடவலம் மாற்றி வெட்டித் தொலைத்தேன். வாடிக்கையாளர் பக்கத்தில் ஒரு கண்ணாடி வைத்துப் படித்துக்கொள்ளட்டுமே என்றான் மெஷினில் வேலையை ஏற்றும் எங்கள் செட்டர் நாகராஜ். அது சிரித்துத் தீர்த்த தப்பு.

எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. எவ்வளவு அலங்கோலமான படம் வந்தாலும் ஸ்டெல்லா கைக்குப் போனால் வழுவழுவென்று வெளியே வரும் என்பார்கள். கோணல்மாணலான கோட்டைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இங்கே ஒரு புள்ளியை எடுத்து, அங்கே ஒரு வளைவைத் தடவி, சீராக்கிவிட்டுத்தான் மறுவேலை. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. மறைப்பானேன்.

அந்த டிரம் ஒரு திங்கட்கிழமை டெம்போவில் வந்தது. பெரிய தவலை அளவுக்கு வார்ப்பிரும்பு. அட்டைப்பெட்டிக்காக அட்டை வெட்டும் ஒரு ஆலையின் மெஷினிலிருந்து கழற்றியது. அதன் வெளிப்பக்கத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு காடி ஓடியது. காடிக்குள் ஒரு பின் நிற்கும். டிரம் சுற்றும்போது காடி எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் பின் நகரும். பின்னோடு சேர்ந்த நீண்ட நெம்புகோல் ஒன்று கத்தியை ஏற்றி இறக்கும். ஒரு பகுதியில் மட்டும் காடி வளையாமல் நேராகப் போகும். அங்கே டிரம் சுற்றினாலும் பின் நகராது, கத்தி அசையாது. அதை ஓய்வுப் பகுதி என்போம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

பத்து நாளைக்கு முன்னால் அந்த மெஷினில் ஒரு பையன் செத்துப்போனான் என்று டெம்போ டிரைவர் இறக்கும்போதே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் டிரம்மைத் தொடவில்லை. நானும் நாகராஜும்தான் அதை அளவெடுக்கும் மேசைக்குக் கொண்டுபோய், இணையாகக் கிடந்த இரண்டு கம்பிகளின் மேல் வைத்தோம். வைத்துவிட்டுக் கையை எடுத்ததும் அது தானாக உருண்டது. மெதுவாகத் திரும்பி, கொஞ்சம் முன்னும் பின்னும் தயங்கி, நின்றது. நாகராஜ் அதைப் பாதிச் சுற்றுத் திருப்பி வைத்தான். மறுபடியும் உருண்டு பழைய பக்கத்தையே மேலே காட்டியது. எந்தப் பக்கம் வைத்தாலும் அந்த ஒரு பக்கம்தான் மேலே வந்தது.

"மேடம், அது நம்மளயே பாக்குது," என்றான் நாகராஜ்.

அவனை அதட்டினேன். வார்ப்பில் உள்ளே எங்கேயோ காற்றுப் பொந்து இருக்கும், அந்தப் பக்கம் எடை குறைவு, அதனால் மேலே வருகிறது என்று விளக்கமும் சொன்னேன். விளக்கம் சரிதான். ஆனால் அன்று முழுவதும் அந்தப் பக்கத்துக்கு எதிரே உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியை மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வரைபடம் கிடையாது. அந்த மெஷினைச் செய்த கம்பெனியே மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆலைக்கு வியாழக்கிழமை புது டிரம் வேண்டும். எனவே எங்கள் வழக்கமான வழியில் இறங்கினேன். டிரம்மைச் சுற்றி டிரேசிங் பேப்பரை இறுக்கமாகச் சுற்றி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கவேண்டும். சின்ன வயதில் நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதுபோல. காடியின் இரண்டு ஓரங்களும் தாளில் கருப்பாக விழும். பிரித்து விரித்தால் காடி முழுவதும் தட்டையான படமாகக் கிடைத்துவிடும். அதைப் புள்ளி புள்ளியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புது இரும்பின் மேல் மறுபடி சுற்றுவோம்.

தாளை விரித்தபோது, ஓய்வுப் பகுதியின் நேர்க்கோட்டில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு தெரிந்தது. கட்டைவிரல் நீளம், இரண்டரை மில்லிமீட்டர் உயரம். தாள் நழுவிவிட்டது என்று நினைத்து இன்னொரு தாள் சுற்றினேன். அதிலும் இருந்தது. மூன்றாவது தாளிலும் இருந்தது. டிரம்மில் அந்த இடத்தைத் தேடிக் காடிக்குள் விரலை விட்டேன். கிரீஸும் கரியும் அப்பிக் கிடந்தது. கெரசின் துணியால் துடைத்தபோது இரும்புக்குள் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அது டிரம் எப்போதும் மேலே காட்டிக்கொண்டிருந்த அதே பக்கம்.

புள்ளிகளை ஏற்றி முடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். கீழே மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். திரையில் டிரம்மைச் சுற்றவிட்டு, பின்னைக் குறிக்கும் சின்ன வட்டம் காடிக்குள் எப்படிப் போகிறது என்று பார்த்தேன். ஓய்வுப் பகுதிக்குள் வந்ததும் வட்டம் அசையாமல் நின்றது. டிரம் சுற்றிக்கொண்டிருந்தது, வட்டம் நின்றுகொண்டிருந்தது. பிறகு ஓரிடத்தில், உட்கார்ந்திருந்த ஒருவர் எதற்கோ எழுந்து மறுபடி உட்கார்ந்ததுபோல, பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றுகொண்டது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் எழுந்தது, உட்கார்ந்தது. ஆறேழு சுற்று பார்த்திருப்பேன். ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. நாற்காலியைத் திரையிலிருந்து பின்னால் தள்ளிக்கொண்டேன்.

அந்தப் பயத்தைப் போக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். புடைப்பில் பதினோரு புள்ளிகள் இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். இரண்டு பக்கமும் மிச்சமிருந்த கோட்டை ஒரே நேர்க்கோடாகச் சேர்த்தேன். அதே பெயரில் கோப்பைச் சேமித்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி ஓடவிட்டபோது வட்டம் ஓய்வுப் பகுதியில் எழுந்திருக்கவே இல்லை. நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

ஓய்வுப் பகுதியில் புடைப்பு இருக்க நியாயமே இல்லை, அதனால் அது அளவெடுத்ததில் வந்த பிசகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று தாளும் ஒரே இடத்தில், ஒரே அளவுக்கு நழுவுமா என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். ஆலைக்கு ஒரு போன் போட்டு, இப்படி ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வேலைத்தாளில் ஒரு வரி எழுதவும் இல்லை.

வியாழக்கிழமை புது டிரம்மைப் பொருத்தும்போது நானும் ஆலைக்குப் போயிருந்தேன். மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. அதன் பக்கவாட்டில், டிரம்மைக் கையால் திருப்புவதற்கு ஒரு கைச்சக்கரம் இருந்தது. சக்கரத்தின் விளிம்பில் ஒரு பகுதிக்கு மட்டும் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆலை மேனேஜர் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, தூரத்தில் அட்டைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு ஆளைக் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. எல்லோர் முன்னாலும் சக்கரத்தைச் சிவப்பு பெயிண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பச் சொன்னார். அந்த ஆள் திருப்பினான். கத்தி ஒரு நூல்கூட அசையவில்லை. மேனேஜர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஆள் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றான். வேலை எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று நான் மனதுக்குள் பூரித்துக்கொண்டு நின்றேன். என்ன காட்டினார்கள், எதற்குத் தலையாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. பழைய டிரம்மை அந்த வாரமே வார்ப்பாலை உலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, காக்ஸ் டவுனில் நான் பஸ் ஏறும் இடத்தில் அந்த ஆளைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாளும் நின்றான். பக்கத்தில் வரவில்லை, பேசவில்லை. பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் அதே மாதிரி நின்றிருப்பான். மூன்றாம் நாள் பஸ்ஸில் ஏறி, எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெயர் சேகர் என்றும், வீடு ஜீவனஹள்ளி என்றும் சொன்னான்.

"பழைய டிரம்ம நீங்கதான மேடம் அளந்தீங்க? அதுல எங்கனா ஒரு குதி, மேடு மாதிரி, இருந்துச்சா?"

ஏன் கேட்கிறாய் என்றேன். மல்லேஸ்வரம் வருவதற்குள் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

செத்துப்போன பையன் பாபு. சேகருடைய மனைவி மல்லிகாவின் தம்பி. சேகர்தான் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவன். மெஷினில் அட்டை சிக்கினால் கத்தியைக் கழற்றிவிட்டுத்தான் கையை விடவேண்டும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும் என்று அந்த ஆலையில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒருவன் கத்திக்கு அடியில் கையை விட்டு அட்டையை இழுப்பான். இன்னொருவன் கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பி, அட்டையைப் பிடித்திருக்கும் உருளைகளைத் தளர்த்துவான். சக்கரம் சிவப்பு பெயிண்டைத் தாண்டாதவரை கத்தி இறங்காது. அது ஓய்வுப் பகுதி. பல வருஷமாக அப்படியே செய்து பழகியிருந்தார்கள். அன்றைக்குப் பாபு கையை விட்டான், சேகர் சக்கரத்தைத் திருப்பினான். பெயிண்ட் முடிவதற்கு முன்பே கத்தி ஒரு அங்குலம் இறங்கித் தானாக ஏறிவிட்டது. பாபுவின் மணிக்கட்டு கீழே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே, சேகரின் மடியில் போய்விட்டான்.

சேகர் பெயிண்டைத் தாண்டித் திருப்பிவிட்டான் என்று ஆலையில் எழுதிவிட்டார்கள். இல்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பியிருந்த ஒன்றிரண்டு பேரும் புது டிரம் வந்த அன்று அவனையே திருப்பவைத்துக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார்கள். பெயிண்டுக்குள் கத்தி அசையவில்லையே. அந்தச் செய்தி வீட்டுக்கும் போய்விட்டது. மல்லிகா சோறு போட்டு வைத்துவிட்டுப் போகிறாள், தம்பியின் காரியம் முடிந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

"அவங்க சொல்றது போவட்டும் மேடம். இப்ப எனக்கே டவுட்டு வருது. தாண்டிட்டேனோ என்னமோ. என் கை என்ன பண்ணுச்சுன்னு எனக்கே தெரியல. அத மட்டும் தெரிஞ்சுக்கணும்."

அவன் கம்பியைப் பிடித்திருந்த கை என் முகத்துக்கு நேரே இருந்தது. எனக்குப் பதில் தெரியும். அவன் குதி என்று சொன்ன நொடியே தெரிந்துவிட்டது. இரண்டரை மில்லிமீட்டர், பத்து மடங்கு நீளமான நெம்புகோல், ஒரு அங்குலம். இந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

"எனக்கு ஞாபகம் இல்லப்பா," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாராவது மிரட்டியிருந்தால் ஒரு சாக்காவது இருந்திருக்கும். யாரும் மிரட்டவில்லை. நான் செய்தது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். திரையில் டிரம் சுற்றியது. ஓய்வுப் பகுதியில் வட்டம் அசையாமல் நின்றது, நான் செய்துவைத்தபடியே. ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் அது எழுந்து உட்கார்ந்ததை என் கண் பார்த்தது. நிறுத்தி, பெரிதாக்கி, கோட்டின் மேல் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நேர்க்கோடு. மறுபடி ஓடவிட்டால் மறுபடி எழுந்தது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வதைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அலமாரியைக் குடைந்து அந்த மூன்று தாள்களையும் எடுத்தேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று புடைப்பும் ஒன்றாகவே தெரிந்தன. மஞ்சளாக மினுங்கியதும் அப்போதுதான் மனதில் ஏறியது. உள்ளே பொந்து இருந்த இடத்தில் காடியின் ஒரு சுவர் உடைந்திருக்கிறது. யாரோ சமீபத்தில் பித்தளையை உருக்கி ஊற்றி அடைத்திருக்கிறார்கள். பித்தளை உள்ளே துருத்திக்கொண்டு பின்னுக்கு வழி விடாததால், எதிர்ச் சுவரைத் தேய்த்துப் பின் போகும்படி செய்துவிட்டார்கள். பின் போயிற்று. போகும்போது ஒதுங்கிப் போயிற்று. மெஷின் வேகமாக ஓடும்போது அந்த ஒரு அங்குலத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அட்டைக்கு மேலே காற்றில்தானே நடக்கிறது.

முதலாளியிடம் போனேன். பெங்களூர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த ஆலை நமக்கு எவ்வளவு வேலை தருகிறது தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

"சும்னே ஏன் ஸ்டெல்லா தலைவலி? நீ என்ன தப்பு பண்ண? நல்லா ஓடுற டிரம்தான குடுத்தோம்."

"நல்லா ஓடுறதுதான் சார் தப்பாப் போச்சு. பழசும் இப்படித்தான் ஓடுச்சுன்னு இத வச்சுத்தான் அவன் மேல பழி போடுறாங்க."

மேசை மேலிருந்த மூன்று தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசியில், ஸ்டோரில் பெரிய நைலான் கட்டை ஒன்று கிடக்கிறது, பழைய டிரம்மை அதில் அப்படியே வெட்டிக் காட்டு என்றார். ஞாயிற்றுக்கிழமை ஷெட் சாவி என்னிடம் இருக்கட்டும் என்றும், திங்கட்கிழமை ஆலைக்குத் தானும் வருவதாகவும் சொன்னார்.

தாளிலிருந்து புள்ளிகளை முதலிலிருந்து ஏற்றினேன். இந்த முறை ஒன்றையும் தொடவில்லை. பென்சில் எங்கே நடுங்கியிருந்ததோ அந்த நடுக்கத்தோடு அப்படியே சுற்றினேன். சனிக்கிழமை நாகராஜ் நைலானை மெஷினில் ஏற்றினான். வெள்ளையாக, கல்லறைக் கல் மாதிரி இருந்தது. ஓய்வுப் பகுதியில் நேராகப் போய்க்கொண்டிருந்த கட்டர் திடீரென்று பக்கவாட்டில் ஒதுங்கியபோது நாகராஜின் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது. விடு, அது அப்படித்தான் என்றேன். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். சேகரை வரச் சொல்லியிருந்தேன். யாருக்குத் தெரியவேண்டுமோ அவர்களையும் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொல்லியிருந்தேன். மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் வாசலில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவள் ஷெட்டுக்குள் வந்ததும் மெஷின்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடியே நடந்தாள்.

நைலான் டிரம்மை இரண்டு தாங்கிகளுக்கு நடுவே நிறுத்தி, ஒரு கைப்பிடி போட்டிருந்தோம். காடியில் ஒரு பின். பின்னோடு பத்து மடங்கு நீளத்துக்கு ஒரு மெல்லிய அலுமினியப் பட்டை, கத்திக்குப் பதிலாக. பட்டையின் நுனிக்கு ஒரு அங்குலம் கீழே ஒரு மரப்பலகை. ஆலைச் சக்கரத்தில் பார்த்ததுபோலவே, ஓய்வுப் பகுதியைச் சிவப்பாகக் குறித்திருந்தேன். எது என்ன என்று மல்லிகாவுக்குச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அவன் செய்யவேண்டாம், நானே திருப்புகிறேன் என்று என்னிடம் சொன்னாள்.

அவள் கைப்பிடியைப் பிடித்து, சிவப்பின் தொடக்கத்திலிருந்து மிக மெதுவாகத் திருப்பினாள். டிரம் நகர்ந்தது. பட்டை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பட்டை அசையவில்லை. சேகர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். சிவப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. அப்போது பட்டை இறங்கியது. யாரோ மறுமுனையைப் பிடித்து அமுக்கியதுபோல, சத்தமே இல்லாமல் இறங்கிப் பலகையைத் தொட்டுவிட்டு, ஏறிப் பழைய இடத்தில் நின்றது. சிவப்பில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

மல்லிகா கையை எடுத்துவிட்டாள். பிறகு பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் திருப்பினாள். அதே இடத்தில் இறங்கியது. மூன்றாவது தடவையும் இறங்கியது. நான் வெட்டிய நைலான்தான், நான் ஏற்றிய புள்ளிதான், எல்லாம் தெரியும். தெரிந்தும் அங்கே எங்கள் மூவரைத் தவிர இன்னொருவர் இருப்பதுபோலவே இருந்தது.

அவள் கைப்பிடியை விட்டு இந்தப் பக்கம் வந்தாள். வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, பட்டைக்கு அடியில் பலகையின் மேல் தன் கையை வைத்தாள்.

"நீ சுத்து," என்றாள் புருஷனைப் பார்த்து.

அவன் அசையவில்லை. நான் வேண்டாம்மா என்றேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

"சுத்துன்னு சொல்றேன் இல்ல."

சேகர் வந்து கைப்பிடியைப் பிடித்தான். மெல்லத் திருப்பினான். சிவப்பு நகர்ந்தது. பட்டை இறங்கி அவள் மணிக்கட்டின் மேல் ஒரு கணம் படுத்து, ஏறியது. அவள் கையை எடுக்கவில்லை.

"பாபு கடைசியா என்ன சொன்னான்?"

"'மாமா'ன்னான். அவ்ளோதான்."

மல்லிகா பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். அவன் கை இன்னும் கைப்பிடியிலேயே இறுகியிருந்தது. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

திங்கட்கிழமை முதலாளியும் நானும் நைலான் டிரம்மையும் மூன்று தாள்களையும் ஆலைக்குக் கொண்டுபோனோம். புது டிரம்மில் அந்தப் புடைப்பை யாரிடமும் கேட்காமல் நீக்கியவள் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு ஒத்துக்கொண்டார். அந்தக் காடியைப் பித்தளை வைத்து அடைத்த ஆளும் கிடைத்தான். சேகரின் பேரில் எழுதியிருந்ததை அடித்தார்கள். அந்த ஆலையிலிருந்து எங்களுக்கு அதற்குப் பிறகு வேலை வரவில்லை. முதலாளி அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை. ஆலையில் நிறையக் கேள்வி கேட்டார்கள். எந்த அளவு, எந்தக் கோணம், எப்படித் தெரியும் என்றெல்லாம். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

உங்கள் திரையிலும் ஒருநாள் இருக்க நியாயமில்லாத ஒரு புடைப்பு வரும். எடுக்கலாம், வைக்கலாம், அது உங்கள் வேலை. ஆனால் எடுப்பதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது மல்லிகா என்னிடம் கேட்டதற்கு உங்களிடமாவது ஒரு பதில் இருக்கிறதா என்று பாருங்கள். புது டிரம்மில் அதை அழித்தது நான்தான் என்று இருவரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். சேகர் வெளியே போயிருந்தான். அவள் வாசலில் நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

"இத நீங்க மொதல்லயே பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேம்மா."

"அப்புறம் ஏன் அழிச்சீங்க?"

"கோணலா இருந்துச்சும்மா," என்றேன்.